பதினாறு நாளுக்குள் கேட்டுவிடுங்கள்

அப்பாவுக்கு வயது 74 என்றேன் நான். 76 என்றார் சித்தப்பா. போஸ்டர் கடைக்காரர் கீபோர்டில் கை வைத்தபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த வருடத்தை எழுதிக்கொண்ட தலைமுறை அது. சர்ட்டிபிகேட் வயது ஒன்று, சொந்த வயது ஒன்று. கடைசியில் 76 என்றே அச்சாகி அயனாவரத்தில் எங்கள் தெரு முழுக்க ஒட்டினார்கள்.

படமும் அதே கதைதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தோம்; போஸ்டரில் அப்பா நீலக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு நின்றார். 34 வருடம் காக்கிச் சட்டையில் பஸ் கண்டக்டராக இருந்தவர், என் கல்யாணத்துக்கே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடச் சொல்லி நாலு பேர் கெஞ்ச வேண்டியிருந்தது. "யார்டி இது?" என்றாள் அம்மா.

அந்தக் கோட்டுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஒருவர் போனபின் நாம் செய்வதெல்லாம் அவர் செத்த தேதியைச் சுற்றித்தான்: போஸ்டர், பேப்பரில் கண்ணீர் அஞ்சலி, மாசிகம், திதி. இருந்த எழுபது சொச்சம் வருடத்தை எடுத்து வைக்க நம்மிடம் தனியாக ஒரு சடங்கு இல்லை. இலங்கைத் தமிழர்களிடம் உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் என்று ஒரு சின்னப் புத்தகமே அச்சடித்துக் கொடுப்பார்கள். அதைப் போல ஒன்று செய்ய நினைத்து, தட்டுத் தடுமாறி, சிலதைக் கெடுத்துக்கொண்டு நான் கற்றதை இங்கே சொல்கிறேன்.

முதல் காரியம் போன். துக்க வீட்டில் பந்தல்காரரைக் கவனிக்க ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரிக்கிறோம் இல்லையா, இறந்தவரின் செல்போனுக்கும் ஒருவரைப் போடுங்கள். நாங்கள் போடவில்லை. என் தம்பி பத்தாம் நாள் அப்பாவின் போனை ரீசெட் செய்து தன் பையனின் ஆன்லைன் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டான். நல்ல எண்ணம்தான், யாரைக் குறை சொல்வது. அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. எல்லாமே வாய்ஸ் மெசேஜ். எங்களுக்கு அனுப்பியவை எங்கள் போன்களில் தப்பின. பழைய சிநேகிதர்களோடு பேசியதெல்லாம் போய்விட்டது.

அதனால் ஒரு வருடத்துக்காவது அந்த போனை யாரும் தொட வேண்டாம். ப்ரீபெய்டு நம்பர் என்றால் சின்னதாக ஒரு ரீசார்ஜ் போட்டு வையுங்கள். மூன்று மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் நம்பரைத் துண்டித்து, பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் திறக்காமல் இருந்தால் அழிந்துவிடும். உங்கள் போனில் இருக்கிற அவருடைய சாட்டைத் திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, மீடியாவும் சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். நெடுநாள் சாட் என்றால் பழைய ஒலிகள் விட்டுப்போகும். முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துத் தனியே அனுப்புங்கள். வந்த கோப்புக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர் இருக்கும். 'தீபாவளி, பேத்தியிடம் பட்டாசு விசாரணை' என்று உடனே மாற்றிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. பென் டிரைவ் ஒன்று, கூகுள் டிரைவ் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இறப்புச் சான்றிதழைப் பற்றி ஒரு வரி: 21 நாளுக்குள் பதிவாக வேண்டும், சென்னை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எடுத்ததும் பெயரின் எழுத்தைச் சரிபாருங்கள். அவ்வளவுதான், இது அந்த வேலைக்கான கட்டுரை இல்லை.

பதினாறாம் நாள் காரியம்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே பெரிய வாய்ப்பு. ஆரணியிலிருந்து அத்தை வருவார், பத்து வருடம் பார்க்காத பெரியப்பா பையன் வருவான், டிப்போ ஆட்கள் வருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள், அதற்குப்பின் இந்தக் கூட்டம் ஓரிடத்தில் கூடாது. வாசலில் ஒரு நோட்டை வைத்து 'நினைவுகளை எழுதுங்கள்' என்று எழுதிவைத்தேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். நம் ஜனங்கள் எழுத மாட்டார்கள், பேசுவார்கள். எனவே நோட்டை மூடிவிட்டு போனில் ரெக்கார்டரைப் போடுங்கள். சொல்லிவிட்டே போடுங்கள், திருட்டுத்தனமாகப் பதிந்து பிறகு அதை நாலு பேர் கேட்டால் வம்பு.

ஃபேன் சத்தம் பெரிய சத்ரு. சென்னை வெயிலில் அதை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் ஆள் எழுந்து போய்விடுவார். ஒரு துண்டை நாலாக மடித்து, அதன்மேல் போனை வைத்து, பேசுகிறவருக்கு ஒரு முழத் தூரத்தில் தள்ளிவிடுங்கள். சட்டைப் பை இருந்தால் அதிலேயே போட்டுவிடலாம். பந்தலில் எடுக்காதீர்கள், பின்னால் சமையல் பாத்திரச் சத்தம்தான் மிஞ்சும், மாடிப்படி நல்லது.

அப்புறம் கேள்வி. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், அதோடு கதை முடிந்தது. அவருடைய கை என்ன செய்யும் என்று கேளுங்கள். நான் டிரைவர் மாமாவிடம், "பஸ்ஸில் அப்பா நோட்டை எப்படிப் பிடிச்சுப்பார்?" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் எழுந்து நின்றே காட்டினார். பத்து ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், ஐந்து ரூபாய் அடுத்த இடுக்கில், டிக்கெட் கட்டு உள்ளங்கையில், தோல் பை இடுப்பில், விசில் பல்லுக்கிடையில். மீதிச் சில்லறை பாக்கி என்றால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார், அதில் 5ஐ மட்டும் தலைகீழ் 2 மாதிரி போடுவாராம், அதை வைத்துத்தான் டுபாக்கூர் டிக்கெட்டைக் கண்டுபிடிப்பாராம். "சரி மாமா, அந்த மோதிர விரல்ல மோதிரம் உறுத்தாதா?" என்று சும்மாத்தான் கேட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மோதிரம் ஏது பாப்பா. அதான் அடகுக் கடையில மூழ்கிப்போச்சே."

எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அப்பாவின் கல்யாண மோதிரம் பெசன்ட் நகர் கடலில் கை கழுவும்போது நழுவி விழுந்தது. 29சி பஸ் பெரம்பூரில் கிளம்பி பெசன்ட் நகரில் முடியும், அங்கே ட்ரிப்புக்கு நடுவில் அலையில் கால் நனைக்கப் போனார் என்பது அவர் சொன்ன கதை. ஒன்பது வயதில் நான் அந்த மணலைக் கையால் கிளறித் தேடியிருக்கிறேன். நடந்தது வேறு. ஒரு போகியன்று கூட்டமென்றால் கூட்டம். கணக்குக் கட்டும்போது பையில் 180 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கண்டக்டர் கைக்காசு போட வேண்டும். மறுநாள் பொங்கல், வீட்டில் புதுத்துணி வாங்கியாயிற்று, சம்பளத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மோதிரம் போயிற்று. மீட்கலாம் மீட்கலாம் என்று தள்ளித் தள்ளி அது மூழ்கியும் போயிற்று.

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டோட போயிருக்கும். முப்பத்தாறு வருஷம் திட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எந்த வருடம் என்று மாமாவுக்கு நினைவில்லை. இங்கே ஒரு வழி சொல்கிறேன். வயதானவர்களிடம் வருடத்தைக் கேட்காதீர்கள், ஊரில் அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். "எம்ஜிஆர் செத்து மூணு வாரம்தான் ஆகியிருக்கும், கடையெல்லாம் அப்பதான் திறந்திருந்தான்" என்றார் மாமா. எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. அப்படியென்றால் 1988 ஜனவரி, போகி. தீர்ந்தது. மூர் மார்க்கெட் எரிந்தது 1985, ஊர்ப் பெயர் சென்னை என்று மாறியது 1996, வெளியூர் பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டுக்குப் போனது 2002, சுனாமி 2004 டிசம்பர் 26, பெருவெள்ளம் 2015 டிசம்பர், வர்தா புயல் அதற்கு அடுத்த டிசம்பர். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டாலே போதும். அப்பா பல்லவனில், அதாவது அந்நாளைய சென்னை அரசு பஸ் நிறுவனத்தில், சேர்ந்தது 1974 என்பதை எங்கள் அத்தையின் முதல் பிரசவத்தை வைத்துக் கண்டுபிடித்தோம்.

வீட்டுக்குள் இருப்பவர்களிடம் அவசரப்படாதீர்கள். அம்மாவிடம் நான் ரெக்கார்டரை நீட்டவே இல்லை. மூன்றாம் மாதம் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். எழுந்து போய் போனை எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்து, காயை நறுக்கியபடியே கேட்டு, ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.

போட்டோக்கள். சட்டமிட்ட பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சென்னைப் புழுக்கத்தில் அது சகஜம். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடியோடேயே போனில் எடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்துக்கு அடியில் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலை விட்டு மெதுவாக அறுக்கலாம், வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். படத்தின் பின்னால் பேனாவில் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவரும், மெல்லிய பென்சில். வாட்ஸ்அப்பில் உறவினர்கள் படம் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் தெளிவு போய்விடும். இதை நான் அத்தை பையனுக்கு ஏழு முறை சொன்னேன்.

எழுதும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. 'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'அன்பின் சிகரம்' இரண்டையும் கண்டால் அடித்துவிடுங்கள். யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிற வரி உங்கள் அப்பாவுக்கு எதற்கு. எங்கள் அப்பா வீட்டில் கிளம்பத் தயார் என்றால் இரண்டு முறை நாக்கால் தட்டுவார், ஒரு முறை தட்டினால் நில் என்று அர்த்தம். பஸ் விசில் கணக்கு அப்படியே. அது ஒரு பத்தி. ஓய்வு பெற்றபின் பஸ்ஸில் பயணியாகப் போகும்போது கண்டக்டரிடம் சரியான சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு நமக்கு முன்னால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். அது ஒன்று.

கெட்டதையும் எழுதுவதா? எழுதலாம், சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டு. அப்பாவும் சித்தப்பாவும் திருநின்றவூர் மனைக்காக ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அதை விட்டுவிட்டால் அந்த ஆறு வருடம் குடும்பப் படங்களில் சித்தப்பா ஏன் இல்லை என்று பேரப்பிள்ளைகள் குழம்பும். சித்தப்பாவிடமே கேட்டேன். "எழுதும்மா. ஆனா மொதல்ல வந்து பேசினது நான்தான்னும் எழுது" என்றார். எழுதினேன். மனை யார் பேரில் என்பதை எழுதவில்லை, அது இன்னும் முடியாத சமாச்சாரம்.

அச்சுக்குப் போகும்போது பக்கத்தை நான்கின் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஸ்டேப்பிள் அடிக்கிற புத்தகம் அப்படித்தான் வரும். எங்களுடையது 24 பக்கம், நாற்பது பிரதி, திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்புரை. அட்டையில் காக்கிச் சட்டைப் படம்: டிப்போ வாசலில் யாரோ எடுத்தது, பாதிக் கண் மூடியிருக்கிறார். வயது போடவில்லை.

தலைத் திதிக்குப் படையல் போட்டு, தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்து, புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தோம். ராத்திரி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். காலையில் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் 'அவருக்குப் பிடித்தது பஜ்ஜி' என்ற இடத்தில் பென்சிலால் கோடு இழுத்து, 'மசால் வடை. பஜ்ஜி உனக்கு' என்று எழுதியிருந்தாள்.