பேட்டரி இறங்கிய காரை நியூட்ரலுக்கு மாற்றுவது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்துத் திரும்பும் பெங்களூர்த் தமிழர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நிறுத்திய காரின் பேட்டரி முற்றிலும் இறங்கிக் கிடப்பதைக் காண்பதுண்டு. கூரை தாழ்வான பேஸ்மென்ட்டுக்குள் இழுவை வண்டி வராது என்பதால் காரைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். அதற்குக் கியர் நியூட்ரலில் இருந்தாக வேண்டும்.

மேனுவல் காரில் கிளட்சை மிதித்து லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. ஆட்டோமேட்டிக் காரில் அப்படியல்ல. பிரேக்கை மிதித்தால் மட்டுமே லீவரை ‘பி’ (பார்க்கிங்) நிலையிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஒன்று மின்சாரத்தால் இயங்குவதால், பேட்டரி இறங்கியதும் அது திறக்காது. பலத்தைக் காட்டி இழுத்தால் லீவர்தான் சேதமாகும்.

லீவரில் கை வைக்கும் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். நியூட்ரலுக்கு வந்தபின் ஹேண்ட் பிரேக்கைத் தவிர காரைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. ஹாலோ பிளாக் கல் பாரம் தாங்காமல் நொறுங்கக்கூடும். கனமான மரக்கட்டையைச் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சக்கரத்தோடு ஒட்டி வைப்பதே நல்லது. கார் சாய்தளத்திலேயே நிற்கிறதென்றால் இந்த வேலையில் நீங்களாக இறங்க வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள்.

முட்டு வைத்ததும் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவியுங்கள். லீவருக்கு அருகே உள்ள சிறிய பிளாஸ்டிக் மூடியைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பி எடுத்தால், உள்ளே ஒரு துளையோ பொத்தானோ தெரியும். பிரேக்கை மிதித்தபடி, சாவி முனையால் அதை அழுத்திக்கொண்டே லீவரை ‘என்’ (நியூட்ரல்) நிலைக்கு நகர்த்துங்கள். மூடி எங்கே இருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். காரோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடாதபோது சில முறை மிதித்ததுமே பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். அதன்பின் வண்டியை நிறுத்த மிகுந்த அழுத்தம் தேவைப்படும்.

இந்த வழி எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) கார்களில் கியரை மாற்றுவது மின்சாரத்தால் இயங்கும் அமைப்பு. லீவரை நகர்த்தினாலும் உள்ளே கியர் மாறாது. பொத்தானாலோ சுழற்றும் குமிழாலோ கியர் மாற்றும் கார்களும், எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ளவையும் பொதுவாக இப்படித்தான். இவற்றுக்கு 12 வோல்ட் மின்சாரத்தை வெளியிலிருந்து கொடுப்பதே நேர்வழி. உண்மையில், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜம்பர் கேபிள் இருந்தால் எந்தக் காருக்கும் முதலில் இதையே முயல்வேன். சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையைப் பேட்டரிக்கு அருகே அல்லாமல், நின்றுபோன காரின் பெயின்ட் படாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருந்தால் ஒரு பொறிகூட ஆபத்து.

தள்ளும்போது பழகிய ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இயங்காததால் திருப்புவதற்குக் கனமாக இருக்கும். சேர வேண்டிய இடத்துக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு மறுபடி முட்டு வைத்து, லீவரை ‘பி’ நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அவர் இறங்க வேண்டும்.