கண்டனத் தீர்மானம் எழுதுவோர்க்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊர்க்கூட்டத்திலோ கோவில் நிர்வாகக் கூட்டத்திலோ ஒருவர்மீது கண்டனத் தீர்மானம் எழுத நேர்ந்தால், அச்சொல்லின் பிறப்பை அறிந்திருப்பது கைகொடுக்கும். வடமொழியில் 'கண்டனம்' என்பதற்கு வெட்டுதல், துண்டித்தல் என்பதே அடிப்படைப் பொருள். 'கண்டதுண்டமாக' என்னும்போது வரும் கண்டமும் அதன் உறவே. எதிர்வாதத்தைக் காரணம் காட்டி முறிப்பதைக் கண்டனம் என்றும், தம் கொள்கையை நிறுவுவதை மண்டனம் என்றும் வாதநூலார் வழங்கினர். ஆகவே, 'இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல் (வன்மையைச் சேர்த்தால் வலுக் கூடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள்), எச்செயல், எந்நாளில், எவ்விதியை மீறியது என்பதை அதற்கு முந்திய வாக்கியத்திலேயே குறித்துவிடுங்கள். உரியவரிடம் நேரில் சொல்லித் திருத்தக்கூடிய பிழைக்குத் திருக்குறள் சொல்லும் இடித்துரைத்தலே போதும். அதை மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டியதில்லை.