சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீர்கள்: எக்செலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்குப் பிரிவிலும் சம்பளப் பிரிவிலும் புதிதாகச் சேருபவர்கள் எக்செலில் வரிசையாக ஒரே குழியில் விழுகிறார்கள். சேவ் செய்ய மறப்பது, ஃபார்முலா மேல் எண்ணை அடித்துவிடுவது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். சத்தமில்லாமல் நடந்து, பணம் திரும்பி வந்த பிறகு தெரியவரும் தவறுகள்தான் ஆபத்து.

சிஎஸ்வியை நேராகத் திறப்பது

சிஎஸ்வி (CSV) என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துகள். எது எண், எது தேதி என்ற குறிப்பு அதற்குள் கிடையாது. டபுள் கிளிக் செய்தால் எக்செல் தானாக ஊகித்து மாற்றிவிடும். பணியாளர் குறியீடு 00457 என்பது 457 ஆகும். 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசம் 12 இலக்க எண்கள்: ஆதார், பி.எஃப். யுஏஎன் போன்றவை. 100123456789 என்பது திரையில் 1.00123E+11 என்று தெரியும். செல்லுக்குள் முழு எண் பத்திரமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் சிஎஸ்வியாகச் சேவ் செய்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும். மூடித் திறந்தால் 100123000000. பிறகு அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் போன இலக்கங்கள் வராது. அந்த ஃபைலைத் திறந்து பார்க்கவே கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். பார்ப்பதற்கு நோட்பேட் போதும்.

தேதியிலும் இதே கதை. கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 03-04-2024 மார்ச் 4 ஆகிவிடும். 13-04-2024 மட்டும், 13ஆவது மாதம் இல்லாததால், எழுத்தாகவே நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் உடனே சந்தேகப்படுங்கள். வலப்பக்கம் இருப்பவைதான் புரண்டவை.

மரபணு ஆய்வாளர்களையே இது ஆட்டிவைத்தது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு 2020இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியது.

சரியான வழி: புதிய வெற்று ஒர்க்புக்கைத் திறந்து, ‘டேட்டா’ பட்டையில் ‘ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ கொடுத்து ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் ‘டேட்டா டைப் டிடெக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘டு நாட் டிடெக்ட்’ வகையைத் தேர்ந்து ‘லோட்’ கொடுங்கள். எல்லாப் பத்திகளும் எழுத்தாகவே வரும். கூட்ட வேண்டிய தொகைப் பத்தியை மட்டும் பிறகு எண்ணாக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய மூல ஃபைலைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வடிவம்

அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான்; எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020இல் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதில், 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. தொடர்புத் தடம் தேடும் பணி அந்த அளவுக்குத் தாமதமானது. எண்ணிக்கை சரியாக 65,536இல் நின்றால் ஃபைல் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒரு பத்தியை மட்டும் சார்ட் செய்வது

பெயர்கள் நகரும், சம்பளம் நகராது. எக்செல் ‘எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன்’ என்று கேட்கும்போது அதையே கொடுங்கள். இன்னும் நல்லது, கண்ட்ரோல்+T அடித்து டேபிளாக்கிவிடுவது.

ஃபில்டர் போட்டு பேஸ்ட் செய்வது

மறைந்த வரிசைகளிலும் போய் விழும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

விலுக்கப்பில் நான்காவது மதிப்பை விடுவது

விலுக்கப் (VLOOKUP) என்பது பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுக்கும் ஃபார்முலா. நான்காவது மதிப்பை விட்டால் தோராயப் பொருத்தம். பட்டியல் வரிசையில் இல்லாவிட்டால் வேறொருவர் தொகை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வந்து உட்காரும். 0 போடுங்கள்.

தமிழ்ப் பெயர்களைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேவ் செய்வது

எழுத்துகள் எல்லாம் ‘?’ என்ற குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.