யுரேனியமா, புளூட்டோனியமா? பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள்

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் படிவம் 5 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "ஹிரோஷிமாவில் யுரேனியக் குண்டு போட்டார்கள். அது போதாததால் புளூட்டோனியத்தைக் கண்டுபிடித்து நாகசாகியில் போட்டார்கள்." சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கே கோடு போடுவது என்றே தெரியவில்லை.

முதலில் தேதி. ஹிரோஷிமா 1945 ஆகஸ்ட் 6, நாகசாகி ஆகஸ்ட் 9. மூன்று நாளில் யார் எதைக் கண்டுபிடிப்பது? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க் என்ற வேதியியலாளரின் குழுவினர் புளூட்டோனியத்தை 1941 தொடக்கத்திலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். யுரேனியமா புளூட்டோனியமா, எந்த வழி தேறும் என்று தெரியாததால் அமெரிக்கா இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பணத்தைக் கொட்டியது. உலகில் முதன்முதலில் வெடித்த அணுகுண்டே புளூட்டோனியக் குண்டுதான்: 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனம். ஹிரோஷிமாவில் போட்ட யுரேனியக் குண்டைத்தான் சோதித்துப் பார்க்காமலே போட்டார்கள். அதன் அமைப்பு எளிது, வெடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. சோதித்துப் பார்க்க இன்னொரு குண்டுக்கு யுரேனியமும் இல்லை.

ஏன் இல்லை? இது புரிந்தால் பாதித் தவறு தானாகவே விலகும். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235. மிச்சமெல்லாம் 238. இரண்டும் ஒரே தனிமம் என்பதால் எந்த ஆசிட்டை ஊற்றினாலும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். எடையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். சட்டையில் எப்போதும் அம்மோனியா வாடை. மரத்துப் பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 சதவீதம். அதை மையவிலக்கு இயந்திரத்தில் விட்டுச் சுற்றினால் கனமான தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கும், லேசான ரப்பர் நடுவில் நிற்கும். வெளியே வரும் கெட்டிப்பாலில் 60 சதவீதம் ரப்பர் இருக்கும். யுரேனியத்தை வாயுவாக்கிச் சுற்றும்போதும் இதேதான், லேசான 235 நடுப்பக்கம் தங்கும். ஆனால் பாலுக்கு ஒரு சுற்று போதும். இங்கே வித்தியாசம் அவ்வளவு சின்னது என்பதால் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை வரிசையாகக் கோக்க வேண்டும். போர்க்காலத்தில் அமெரிக்காவுக்கு இந்த முறை கைகூடவில்லை. டென்னசியின் ஓக் ரிட்ஜில் ராட்சதக் காந்தங்களையும் நுண்துளைத் தடுப்புகளையும் வைத்துப் பிரித்தார்கள். காந்தச் சுருளுக்குச் செம்பு கிடைக்காமல் கருவூலத்திலிருந்து சுமார் 14,000 டன் வெள்ளியைக் கடன் வாங்கினார்களாம் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மைதான்.

புளூட்டோனியத்தைச் சுரங்கத்தில் வெட்டி எடுப்பதாக எழுதுவது அடுத்த தவறு. இயற்கையில் அது துளித்துளியாகத்தான் உண்டு. அணு உலையில் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கினால் சில நாளில் புளூட்டோனியமாக மாறும். வேறு தனிமம் ஆகிவிட்டதால் ரசாயனத்தால் பிரித்துவிடலாம், பாலில் ஆசிட் விட்டு உறையவைப்பது மாதிரி. ஆனால் கதிர்வீச்சு கடுமை என்பதால், வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எல்லாவற்றையும் இயக்கினார்கள்.

"அப்போ எது பவர் அதிகம் சார்?" ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வி வரும். ஹிரோஷிமா குண்டில் 64 கிலோ யுரேனியம், வெடிப்பு சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். நாகசாகியில் 6 கிலோ சொச்சம் புளூட்டோனியம், சுமார் 21 கிலோடன். இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த 64 கிலோவில் அணு பிளந்து ஆற்றல் தந்தது ஒரு கிலோகூட இல்லை. கிலோவுக்குக் கிலோ பிளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆற்றலைத்தான் தரும். வித்தியாசம் குண்டின் அமைப்பில். ஹிரோஷிமா குண்டு துப்பாக்கி மாதிரி ஒரு துண்டை இன்னொன்றின் மேல் சுட்டுச் சேர்ப்பது. புளூட்டோனியத்துக்கும் அதையே நினைத்திருந்தார்கள். உலையில் செய்த புளூட்டோனியத்தில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-240 என்ற வகை தானாகவே பிளந்துகொள்கிறது, துண்டுகள் சேரும் முன்பே புஸ்ஸென்று போய்விடும் என்பதை 1944இல் எமிலியோ செக்ரே என்ற இயற்பியலாளரின் குழு எடுத்த அளவீடுகள் காட்டின. அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, சுற்றிலும் வெடிமருந்து வைத்து உள்நோக்கி நசுக்கும் முறைக்கு மாறினார்கள்.

இதை வைத்து "யுரேனியம் என்றால் துப்பாக்கி முறை, புளூட்டோனியம் என்றால் நசுக்கும் முறை" என்று சூத்திரம் போட்டு மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. பாதிதான் சரி. சீனா 1964இல் வெடித்தது யுரேனியம், முறையோ நசுக்கும் முறை. தென்னாப்பிரிக்கா துப்பாக்கி முறையில் ஆறு யுரேனியக் குண்டுகளைச் செய்து, பிறகு தானே கழற்றிப் போட்டது.

எல்லா நாடும் யுரேனியத்தில்தான் ஆரம்பித்தது என்பதும் தப்பு. சோவியத் 1949, பிரிட்டன் 1952, பிரான்ஸ் 1960, இந்தியா 1974 எல்லாம் முதலில் வெடித்தது புளூட்டோனியம். இந்தியா பொக்ரானில் வெடித்த புளூட்டோனியம், ஆராய்ச்சிக்கென்று கனடா உதவியுடன் கட்டிய சைரஸ் உலையில் விளைந்தது. 1998இல் பாகிஸ்தான் யுரேனியத்தோடு வந்தது. அவரவருக்குத் திறந்திருந்த கதவு அது.

அப்புறம், இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்பது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தார்கள். பெட்டிகளில் இருந்தவை யுரேனியம் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள். செய்தது நம் மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. எதற்கென்று தெரியாமல் செய்தோம் என்றார்கள். "தெரியாமலா சார்?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். பாகம் பாகமாகப் பார்த்தால் அது அலுமினியச் சாமான்தான் அம்மா, என் அப்பாவிடம் காட்டியிருந்தால் ஏதோ பால் சுற்றும் மெஷினுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்.