வைன் கண்ணாமூச்சி: நான் செய்த தப்புகளை நீங்களாவது செய்யாதீர்கள்

போன சனிக்கிழமை பொங்கோலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முப்பதை ஒட்டிய வயது, வைன் பித்து புதிதாகப் பிடித்தவர்கள். மேசை மீது ஆறு பாட்டில்கள். ஆறையும் தமிழ் முரசில் சுருட்டி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். முதல் வாய் குடிப்பதற்குள்ளேயே பல வருஷத்துக்கு முந்தைய என் வீட்டைப் பார்ப்பது போல ஆகிவிட்டது. அதே தப்புகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

பிளைண்ட் டேஸ்டிங் என்பதற்கு எங்கள் கூட்டத்தில் ‘கண்ணாமூச்சி’ என்று பெயர். உண்மையில் நம் கண்ணை யாரும் கட்டுவதில்லை, பாட்டிலைத்தான் கட்டுகிறோம். எது எந்த வைன், என்ன விலை என்று தெரியாமல் குடித்து, மதிப்பெண் எழுதி, கடைசியில் பிரித்துப் பார்ப்பது. கிளாஸில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது, லேபிளை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஆளுக்கு ஒன்று, எதுவாக இருந்தாலும் சரி

“வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டால் என்ன வரும்? பொங்கோலில் வந்தவை: நுரைக்கிற ப்ரோசெக்கோ ஒன்று, நியூசிலாந்து வெள்ளை ஒன்று, ஆஸ்திரேலியச் சிவப்பு மூன்று, யாரோ பரிசாகக் கொடுத்த இனிப்புப் போர்ட் வைன் ஒன்று. மாம்பழம், கொய்யா, கரும்புச்சாறு மூன்றில் எது முதலிடம் என்று கேட்பது மாதிரி இருந்தது.

ஏதாவது ஒன்றைப் பொதுவாக வையுங்கள். ஒரே திராட்சை, வேறு வேறு நாடு என்று வைக்கலாம். பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்று சொல்வதும் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ் என்று சொல்வதும் ஒரே திராட்சைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் நம்பவே மாட்டீர்கள்.

விலைப் போட்டி வைக்க ஆசை என்றால் முதலில் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் வைனுக்கான தீர்வை விலையைப் பார்த்துப் போடுவதில்லை, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13.5 சதவீத வைன், 750 மில்லி பாட்டில் என்றால் ஏறக்குறைய 9 வெள்ளி. மேலே 9 சதவீத ஜிஎஸ்டி. 25 வெள்ளி பாட்டிலில் கிட்டத்தட்ட 11 வெள்ளி வரிக்கே போய்விடுகிறது, மிச்சம் 14. 50 வெள்ளி பாட்டிலில் வரி 13தான், மிச்சம் 37. கடை வாடகை, கப்பல் கூலி, திராட்சை எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான் வர வேண்டும். ஆகவே 25க்கும் 28க்கும் நடுவில் வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 25ஐயும் 50ஐயும் மோதவிடுங்கள்.

பேப்பர் சுற்றினால் மறைந்துவிடாது

தோள் புடைத்த பாட்டில் போர்டோ வகை, தோள் சரிந்தது பர்கண்டி வகை (இரண்டும் பிரான்ஸின் வைன் வட்டாரங்கள்), ஒல்லியாக உயர்ந்தது பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வைன். கொஞ்சம் பழகியவருக்கு இது போதும். தடித்த பேப்பர் பையில் போட்டுக் கழுத்தில் கட்டுங்கள். கழுத்து ஃபாயிலை முழுக்க உரித்துவிடுங்கள், திருகு மூடியையும் தக்கையையும் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். ஒருவர் பையில் போடட்டும், இன்னொருவர் வந்து வரிசையைக் கலைத்து எண் போடட்டும். அப்படிச் செய்தால் வீட்டுக்காரரும் விளையாடலாம்.

ஊதுபத்தி

அன்று வேண்டாம். சாம்பிராணியும் வேண்டாம்.

‘ரூம் டெம்பரேச்சர்’

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எல்லோரும் எங்கேயோ படித்திருக்கிறோம். அது எந்த ஊர் அறை என்று மட்டும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. வீட்டுக்கு வீடு ஹீட்டர் வராத காலம் அது. குளிர்ந்த நிலவறையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து சாப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். அந்த அறையே 16, 17 டிகிரிதான் இருக்கும். ஈசூனில் என் நாலறை வீட்டு ஹால் மாலை ஏழு மணிக்கு 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு சிவப்பு வைனை ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால். பழ வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சரி, நேராக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால்? வாசனை அடங்கிவிடும், துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கண்ணாமூச்சியில் இது இன்னும் மோசம். எல்லாப் பாட்டிலும் ஒரே சூட்டில் இருந்தால் எல்லாமே ஒன்றுபோலக் கெட்டிருக்கும், போய்த் தொலையட்டும். ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ச்சியாகவும் இருந்தால் நீங்கள் மதிப்பெண் போடுவது ஃபிரிட்ஜுக்கு.

2016இல் நடந்தது. நண்பன் ஒருவன் வேலை விஷயமாக இத்தாலி போய்விட்டு இரண்டு பாட்டில் பரோலோ வாங்கி வந்திருந்தான். வடக்கே பீட்மாண்ட் பகுதியில் நெபியோலோ திராட்சையில் செய்கிற வைன் அது. 38 மாதம் முதிர வைத்த பிறகுதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. நம் காசுக்கு ஒரு பாட்டில் 120 வெள்ளி ஆகியிருக்கும். ஒன்றைக் கண்ணாமூச்சிக்குக் கொடுக்கிறேன் என்றான்.

அன்று ஏழு பாட்டில், எல்லாம் இத்தாலியச் சிவப்பு. மற்ற ஆறும் பேரங்காடியில் 30 வெள்ளிக்குள் வாங்கியவை. அவை மத்தியானமே வந்துவிட்டதால் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்து செய்யவில்லை, மேசையில் இடம் இல்லை, அவ்வளவுதான். பரோலோ கடைசியாக வந்தது. டாக்சி கிடைக்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் பாவம். நான் வாங்கி அடுப்பு மேடையில் வைத்தேன். பக்கத்தில் வடைச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

ஏழாவது இடம். தாள்களில் எழுதியிருந்தது: ஸ்பிரிட் வாசனை, நெயில் பாலிஷ், இருமல் மருந்து. முதலிடம் 22 வெள்ளி பாட்டிலுக்கு. பேப்பரைப் பிரித்ததும் வீடே சிரித்தது. அவனும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த ஒரு வருஷம் நான் போன இடமெல்லாம் இந்தக் கதைதான். நூற்றிருபது வெள்ளி பரோலோ கடைசி, இருபத்திரண்டு வெள்ளி முதல், விலை எல்லாம் ஏமாற்று வேலை என்று. பெயர் தெரியாமல் குடித்துச் சொன்ன தீர்ப்பு என்பதால் கேட்டவர்களும் தலையாட்டினார்கள். என் பேச்சைக் கேட்டு ஒருவர் தனக்கு வந்த நல்ல பாட்டிலை அலுவலகத்தில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறு வருஷம் தன் பிறந்தநாளுக்கு அவன் இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். அதற்குள் சின்ன வைன் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கியிருந்தான். 17 டிகிரி. கிளாஸைக் கிட்டே கொண்டுபோனால் காய்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், புதிதாகப் போட்ட ரோட்டில் வருகிற தார் வாசனை. நான் பேசாமல் இருந்தேன். அவன்தான் சொன்னான்: “இதைத்தான்டா நீ வடைச் சட்டி பக்கத்துல வச்ச.”

ஒரே பெயர் என்றாலும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் பிறகு ஒன்று செய்தேன். 25 வெள்ளி சிவப்பு ஒன்றைத் திறந்து இரண்டு சின்னப் பாட்டில்களில் பிரித்து, ஒன்றை 30 டிகிரியிலும் மற்றதை 17 டிகிரியிலும் வைத்து, அதே கூட்டத்துக்குச் சொல்லாமல் ஊற்றினேன். இரண்டும் வேறு வைன் என்றே எல்லோரும் எழுதினார்கள். ஒருவர் இரண்டையும் வேறு வேறு நாடு என்றார். உங்கள் வீட்டில் செய்து பாருங்கள், செலவு ஒரு பாட்டில்தான்.

இப்போது என் ஏற்பாடு இது. பாட்டில்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்னால். குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி எல்லாவற்றையும் ஒன்றாக இறக்குவேன். வெறும் பனிக்கட்டி போதாது, தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றி எங்கும் குளிர் படும். கால் மணி நேரத்தில் திறந்து, சமையல் தெர்மாமீட்டரைக் கழுத்து வழியாக விட்டுப் பார்ப்பேன். கனமான சிவப்புக்கு 16 முதல் 18, மெலிந்த சிவப்புக்கு 13 பக்கம், வெள்ளைக்கு 8 முதல் 12. கிளாஸில் ஊற்றிய பிறகு சூடு ஏறத்தான் செய்யும், ஆகவே இரண்டு டிகிரி குறைவாகவே ஆரம்பியுங்கள். ஏர்கான் போடுங்கள். மின்கட்டணத்தைப் பற்றி மறுநாள் கவலைப்படலாம். பேப்பர் பை எல்லாம் குளிரவைத்துத் துடைத்த பிறகுதான். முதலிலேயே சுற்றி இறக்கினால் தாள் நனைந்து கிழிந்து லேபிள் எட்டிப் பார்க்கும். ஆமாம், அதையும் செய்திருக்கிறேன்.

இன்னொன்று. வைனைப் பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை) சேர்த்து வைக்காதீர்கள். இருட்டாக இருக்கிறதே, நிலவறை மாதிரிதானே என்று தோன்றும். காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் வருஷக்கணக்கில் கிடந்தால் வைன் மெதுவாக வெந்துவிடும். தக்கை கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு, ஓரத்தில் கசிந்த கறை தெரிந்தால் முடிந்தது கதை. அதைப் பனிக்கட்டி காப்பாற்றாது.

அண்ணன் முதலில் பேசுவது

எல்லாக் கூட்டத்திலும் ஒரு அண்ணன் இருப்பார். முதல் வாயிலேயே “இதுல மிளகு வாசனை வருது” என்பார். உடனே எட்டுத் தாளிலும் மிளகு. சிராவில் வருகிற அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாது. எட்டுப் பேரும் எழுதினார்கள் என்றால் அநேகமாக யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள்.

எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது, முகத்தையும் சுளிக்கக் கூடாது. பாதியில் விடையும் சொல்லக் கூடாது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பிரெஞ்சு வைனையும் கலிபோர்னியா வைனையும் மோதவிட்டு நடத்திய போட்டியில் இது நடந்தது. பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் குடித்ததில் வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியா வைனே முதலிடம் பிடித்தது. சிவப்பு மேசைக்கு வரத் தாமதமானதால் வெள்ளைக்கான முடிவை ஸ்பரியர் முன்கூட்டியே வாசித்துவிட்டார். சிவப்பில் விட்டதைப் பிடிக்க நடுவர்கள் உஷாரானார்கள். அப்படியும் தோற்றார்கள் என்பது வேறு கதை. பெரிய நடுவர்களுக்கே அப்படி என்றால் நம் அண்ணன் எந்த மூலைக்கு?

சிக்கன் 65

முடிந்த பிறகு. காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு முரடாகும். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

துப்ப வெட்கப்படுவது

நமக்கு எச்சில் விஷயம் கொஞ்சம் சங்கடம்தான். ஒரு பொதுப் பாத்திரத்தை நடுவில் வைத்தால் யாரும் துப்ப மாட்டார்கள். (என் மாமியாரின் பித்தளைச் சொம்பை ஒரு முறை வைத்துவிட்டேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.) ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பை கொடுங்கள், வேலை முடிந்தது. ஒருவருக்கு ஒரு வைனுக்கு 50 மில்லி என்றால் ஆறு வைனுக்கு 300 மில்லி, ஐந்தில் இரண்டு பங்கு பாட்டில். விழுங்கிக்கொண்டே போனால் ஐந்தாவது வைன் எதுவாக இருந்தாலும் பிரமாதம்தான்.

கார் எடுத்து வராதீர்கள். இரவு 10.30க்கு மேல் கடையில் வாங்கிப் போகவும் முடியாது, வாய்ட் டெக்கில் (புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளி) உட்கார்ந்து குடிக்கவும் சட்டம் விடாது. சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

ஒரே வைனை இரண்டு தடவை வைக்காமல் விடுவது

இதைப் பெரும்பாலோர் தப்பாகவே நினைப்பதில்லை. ஆறு எண் என்றால் ஐந்து வைன்தான் வாங்குங்கள். ஒன்றை இரண்டாவது இடத்திலும் ஐந்தாவது இடத்திலும் வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். என் வீட்டில் ஒரு நண்பர் அதே வைனுக்கு முதலில் 20க்கு 17 போட்டார், பிறகு 11 போட்டார். 17க்குப் பக்கத்தில் ‘நேர்த்தி’ என்றும் 11க்குப் பக்கத்தில் ‘தண்ணீர்’ என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எதிரே, வேறொருவர் வரிசை போட்ட அன்று நான் எழுதிய தாளும் உண்டு, 12ம் 16ம்.

மீதி

மூடி, ஃபிரிட்ஜில். சிவப்பையும்தான். இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் ஆட்டுக்கறி குழம்பில் ஊற்றலாம்.