நேபாளத்தில் வண்டி படுத்துக்கொண்டால்: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து காரில் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று 44ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே போனால் மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை சாலை மாற வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஜபல்பூர், ரீவா, வாரணாசி, கோரக்பூர் வழியாக சோனௌலி எல்லை. மொத்தம் 2,000 கி.மீ.க்கு மேல். இதில் எங்கே வண்டி நின்றாலும் 1033க்கு அடித்தால் நெடுஞ்சாலை ஆணையம் பேசும், கம்பெனியின் ரோடு சைடு அசிஸ்டன்ஸும் பெரும்பாலும் வரும். எல்லைக் கதவைத் தாண்டியதும் இந்த இரண்டையும் மறந்துவிடலாம். அங்கே பிரேக்டவுன் என்பது ஸ்பேனர் வேலை மட்டுமல்ல, சுங்கத் தாளில் இருக்கும் தேதிக்குள் வண்டியை வெளியே கொண்டுவரும் வேலையும்தான்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். நம் வண்டி நேபாளத்துக்குள் போக 'பன்சார்' என்ற சுங்க அனுமதி எடுக்க வேண்டும். எத்தனை நாளோ அத்தனை நாளுக்குப் பணம் கட்டணும். ஒரு இந்திய வண்டிக்கு ஆண்டுக்கு 30 நாள் வரைதான். திட்டம் 8 நாள் என்றால் 10 அல்லது 11 நாளுக்குக் கட்டுங்கள். கடைசி நாளில் வண்டி மலையில் நின்றுவிட்டால் அபராதமும் அலைச்சலும் அதைவிடப் பல மடங்கு ஆகும். தாளில் தேதி பெரும்பாலும் விக்ரம் சம்வத் என்ற நேபாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 2025 ஏப்ரல் 14 அன்று அங்கே 2082 பிறந்தது. நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்கள் மாதமும் நம் சித்திரை, வைகாசி போலச் சூரியக் கணக்குதான், ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கும். வைசாக் நம் சித்திரை, அசார் நம் ஆனி, அசோஜ் நம் புரட்டாசி. ஏமாறும் இடம் 'கார்த்திக்'. அது நம் கார்த்திகை அல்ல, ஐப்பசி. வாங்கிய இடத்திலேயே கடைசித் தேதியை ஆங்கிலத் தேதியில் கேட்டுத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் போன்ற நாடுகளுக்கு எல்லை நீட்டிப்பு என்று ஒரு சேர்க்கை உண்டு. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஏஜென்டிடம் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

அடுத்து, வண்டியைத் தொப்பூரில் சோதியுங்கள். முழு லக்கேஜும் ஆட்களும் ஏற்றி, தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கி, திரும்ப ஏறி வாருங்கள். ஏறும்போது ஏ.சி. போட்டு டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே போகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது மூன்றாவது கியரில் விட்டு, பிரேக் எவ்வளவு தேவைப்படுகிறது என்று கவனியுங்கள். பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால், கருகல் வாடை வந்தால், கிளம்பவே வேண்டாம். இடது ஓரமாகப் போங்கள். பிரேக் போன லாரிகள் அந்த இறக்கத்தில் என்னென்ன செய்திருக்கின்றன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேபாளத்தில் புட்வலிலிருந்து பால்பா வழியாக பொக்ரா போகும் பாதை சுமார் 160 கி.மீ., பெரும்பகுதி தொப்பூரைவிடக் குறுகலான மலைவளைவு. இங்கே தடுமாறும் வண்டி அங்கே தாங்காது.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றியே தீர வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி இருந்தாலே தரக்கணக்கில் போதும். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூட்டை எட்டினால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உருவாகி மிதி தரைவரை போகும்.

பேன் பெல்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸ்களையும் ஊரிலேயே புதிதாகப் போட்டுவிட்டு, கழற்றிய பழசு வெடிப்பில்லாமல் இருந்தால் அதை ஸ்பேராக எடுத்துச் செல்லுங்கள். புதுசை டிக்கியில் வைத்துக்கொண்டு போனால், அளவு தவறு என்பது மலையில்தான் தெரியும். ஓடிக் கழன்ற பழசுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. இவற்றுடன் கூலன்ட் 2 லிட்டர், அதே கிரேடு என்ஜின் ஆயில் 1 லிட்டர், பிரேக் ஆயில் அரை லிட்டர், ஹோஸ் கிளாம்ப் நான்கு, ஃபியூஸ் செட், ஒரு ரிலே, டீசல் வண்டிக்கு ஒரு ஃபில்டர், எம்-சீல் இரண்டு பாக்கெட், தன்மேல் தானே ஒட்டும் சிலிக்கான் டேப், ஜம்பர் கேபிள், இழுக்கும் கயிறு, டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், ஒரு அடிச் சதுரத்தில் ஒன்றரை அங்குல கனமுள்ள பலகை. பலகை இல்லாமல் மண் தரையில் ஜாக்கி வைத்தால் ஜாக்கி உள்ளே போகும், வண்டி மேலே போகாது. உங்கள் பிஎஸ்-6 டீசல் வண்டி ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா கரைசல்) கேட்கும் வகை என்றால் 10 லிட்டர் கேன் ஒன்றும் வேண்டும். அது தீர்ந்தபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

இனி வண்டி நிற்கும் கணம். மழைக்காலத்தில் நாராயண்கட் – முக்லிங் பாதை போன்ற இடங்களில் வெட்டிய சரிவுக்கு அடியில் நிறுத்தாதீர்கள். ஒரு கல் உருண்டால் பின்னாலேயே சரிவு வரலாம். வண்டி உருளும் நிலையில் இருந்தால் இன்னும் 100 மீட்டர் தள்ளி, நேரான இடத்தில் நிறுத்துங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டரில் வைப்பது சமதளத்துக்குச் சரி. மலையில் அதை வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவர் வளைவில் திரும்பும் முன்பே பார்க்கிற மாதிரி வைக்கணும். சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். நம் ஊரில் லாரிக்காரர்கள் விட்டுப்போகும் கல்லில் எத்தனை பைக்குகள் விழுந்திருக்கின்றன!

அதிகம் நடப்பது சூடேறுவதுதான். முள் ஏற ஆரம்பித்ததும் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். வியர்க்கும், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும். முள் சிவப்பைத் தொட்டாலோ பானட்டில் ஆவி வந்தாலோ உடனே நிறுத்தி அணைத்துவிடுங்கள். "அடுத்த ஊர் 3 கி.மீ.தான்" என்று ஓட்டிய வண்டிகள்தான் என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள கேஸ்கெட் போய்ப் பட்டறையில் ஒரு வாரம் கிடக்கின்றன. ரேடியேட்டர் மூடியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை தொடாதீர்கள். பிறகு கனமான துணி போட்டு, முதலில் கால் திருப்பு, சத்தம் அடங்கியபின் மீதி. கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

காரணம் தேடும் வரிசை இது. கூலன்ட் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப் அடிப்பக்கம், ரேடியேட்டர் ஓரம் ஆகியவற்றில் ஈரமோ வெள்ளைப் படிவோ இருக்கும். குறையவில்லை என்றால் என்ஜின் ஓடும்போது ஏ.சி. போட்டு ரேடியேட்டர் பேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், பிறகு ரிலே, அதற்கும் பிறகுதான் மோட்டார். பேன் சுற்றியும் சூடேறினால் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். மேலே கொதித்து, கீழே குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு, மூடியபடி சிக்கியிருக்கலாம்.

ஹோஸ் ஓட்டை என்றால் ஆறவிட்டு, துடைத்து, சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி நான்கைந்து அடுக்கு சுற்றுங்கள். ஓட்டை முனையில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியை இழுத்துக் கிளாம்ப் போடுவது இன்னும் நல்லது. பிறகு மூடியை முழுதும் இறுக்காமல், அழுத்தம் ஏறாதபடி, மெதுவாக அடுத்த பட்டறை வரை போகலாம். ஆனால் முக்திநாத் போன்ற 3,700 மீட்டர் உயரத்தில் இந்த வித்தை உதவாது. அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும், மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால், குளிர்கால இரவு வரும் முன் கூலன்டாக மாற்றுங்கள். சரிபாதி கலந்தது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

இறக்கத்தில் பிரேக் வாடை வந்தால் நிறுத்தி 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள், ஆனால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப் போகும். ஏற்றத்தில் கிளட்ச் வாடை என்றால் காரணம் பெரும்பாலும் நம் கால்தான்: முன்னால் டிரக் நின்று நின்று போகும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. இடைவெளி விட்டு நின்று, வழி கிடைத்ததும் முதல் கியரில் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால் முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள், பாதி கேஸ் அங்கேயே தீரும். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி, 11.9க்குக் கீழே காலி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4க்குள் இருந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஜம்பர் போடும்போது கடைசிக் கறுப்பு முனையை நம் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் என்ஜின் இரும்பில் மாட்டணும், பொறி பேட்டரி வாயுவில் படக்கூடாது. ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால் ஏ.சி., பாட்டு, சார்ஜர் எல்லாம் அணைத்துவிட்டு, என்ஜினை மட்டும் அணைக்காமல் ஊர் போய்ச் சேருங்கள். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றும் வண்டியில், பெல்ட் அறுந்திருந்தால் இது செல்லாது. உடனே நிறுத்துங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் யோசிக்க நேரமில்லை, அணையுங்கள். கல்லடித்து ஆயில் சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) சின்ன விரிசல் என்றால் ஒழுகுவது நின்றபின் பெட்ரோல் துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, எம்-சீல் பிசைந்து அழுத்துங்கள். ஈரத்தில் அது ஒட்டாது. இரண்டு மணி நேரம் விட்டு ஆயில் ஊற்றுங்கள். டீசல் டேங்க் கசிவுக்குத் துணி சோப்பை அழுத்தித் தேய்ப்பது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது.

இதற்கு மேல் என்றால் இழுத்துத்தான் போகணும். ஆட்டோமேட்டிக் வண்டியையும் நான்கு சக்கர டிரைவ் வண்டியையும் கயிற்றில் இழுத்தால் கியர் பாக்ஸ் கெடும், மேலே ஏற்றும் வண்டிதான் வேண்டும். மற்றவற்றிலும், என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும் என்பதால் இறக்கத்தில் கயிறு வேண்டவே வேண்டாம். போலீஸ் 100, டிராஃபிக் போலீஸ் 103. மெக்கானிக்குகளிடம் உடைந்த இந்தியே போதும். "காடி பிக்ரியோ" (வண்டி கெட்டுப்போச்சு) என்றால் ஆள் கூடிவிடும்.

மாருதி, மஹிந்திரா, டாடா, ஹூண்டாய் சாமான் பைரஹவா, புட்வல், நாராயண்கட், பீர்கஞ்ச் ஊர்களில் கிடைக்கும். ரேட் பேசும்போது 'ஐசி'யா 'என்சி'யா என்று கேட்டே ஆகணும். ஐசி நம் ரூபாய், என்சி அவர்கள் ரூபாய். நம் 1 ரூபாய்க்கு அவர்கள் 1.60. பத்தாயிரம் என்சி என்பது நம் 6,250தான். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் வண்டி எண்ணும் தேதியும் எழுதச் சொல்லுங்கள், சுங்கத்தில் காட்ட அதுதான் ஆதாரம். சனிக்கிழமை அங்கே வார விடுமுறை. நாம் ஆயுத பூஜை லீவில் கிளம்பினால் அது அவர்களின் தசைன் பண்டிகை, பட்டறைகள் நாள்கணக்கில் பூட்டியிருக்கும். அந்த வாரத்தில் சின்ன வேலையைக்கூட எல்லைக்கு இந்தப் பக்கமே முடித்துவிட்டுப் போங்கள்.

பன்சார் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே வேலை முடியாது என்று தெரிந்தால், பில்லையும் தாளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சுங்க அலுவலகத்துக்குப் போங்கள். தேதி முடிந்தபின் போய்க் கெஞ்சினால் பலனில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆள் மட்டும் ஊர் திரும்ப முடியாது, அது உங்கள் பெயரில் உள்ளே வந்த சாமான். பெரிய வேலை என்றால் அங்கே என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துப்போட்ட வண்டியை லாரியில் ஏற்றுவது தனிப் பாடு. பிரிக்காமலேயே லாரியில் ஏற்றி எல்லைச் சுங்கத்தில் வெளியேற்றப் பதிவு போட்டு, சோனௌலியில் இந்தியப் பக்கம் இறக்கிவிட்டால் அசிஸ்டன்ஸ் நம்பர் மறுபடி வேலை செய்யும். கோரக்பூர் சர்வீஸ் சென்டர் சுமார் 100 கி.மீ. தூரம்.