'பொன்னகர'த்துக்குள் கோட்பாட்டோடு நுழைகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் 'மணிக்கொடி' இதழில் வந்த சிறுகதை. பத்து நிமிடம்கூட ஆகாது, படித்துவிடலாம். மில் கூலி அம்மாளுவின் புருஷன் முருகேசன், குதிரைவண்டிக்காரன். குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். காசில்லை. அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். இந்தக் கதையை இலக்கியக் கோட்பாடுகளின் வழியே அலசி மாணவர்கள் எழுதி நான் படித்த பயிற்சிக் கட்டுரைகள் பலவற்றில் கதையின் பெயரை மாற்றிவிட்டு வேறு எந்தக் கதையின் பெயரைப் போட்டாலும் ஒரு வாக்கியம்கூடக் குறைப்படாது. மற்ற தவறுகள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

மார்க்சிய நோக்கு என்றதும் 'வறுமையே அவளை இந்நிலைக்குத் தள்ளியது' என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இதைச் சொல்ல மார்க்ஸ் எதற்கு? பக்கத்து வீட்டுப் பாட்டி போதும். கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று கதை சொல்கிறது. அம்மாளு வேலையற்றவள் அல்ல. உழைத்தாயிற்று, காசுதான் கைக்கு வரவில்லை. உழைப்புக்கும் கூலிக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் நடக்கிறது. பிறகு அந்தக் குதிரை. முருகேசனுக்கு ஊமையடி, குதிரைக்கோ பலமான காயம், ஏர்க்காலும் ஒடிந்தது. பிழைப்புக்கான கருவியே போயிற்று. குதிரையை மறந்த மார்க்சியக் கட்டுரைக்கு மதிப்பெண் போட எனக்குக் கை வராது.

பெண்ணியம் என்றால் அவளைப் பாவப்பட்டவளாக்குவது, இல்லையேல் கற்பின் தளையை உடைத்த புரட்சிக்காரியாக்குவது. கதையில் அவளும் சந்தில் நிற்கும் ஒருவனும் இருளில் மறைகிறார்கள். அடுத்த வரியில் காசு வந்துவிடுகிறது. நடுவில் அவள் மனத்தில் என்ன ஓடியது என்று கதை சொல்லவில்லை. அந்த மௌனத்தை நம் விருப்பப்படி நிரப்புவதைவிட, 'இதுதான், ஐயா, பொன்னகரம்!' என்ற கடைசி வரியில் நிற்கலாம். யார் இந்த 'ஐயா'? கதைசொல்லி அவளுக்காகத்தான் வாதாடுகிறான், ஆனால் ஆண்களின் சபையில். அவள் அங்கே இல்லை.

பால்யத்திலும் ஆழ்மனத்திலும் காரணம் தேடும் உளப்பகுப்பாய்வை இங்கே விட்டுவிடலாம். அம்மாளுவுக்குக் கதையில் பால்யமே கிடையாது; தோண்டினால் தோண்டுகிறவரின் மனம்தான் அகப்படும்.

அமைப்பியலைத் தமிழில் விளக்கிய தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் 1982இல் வந்தது. படைப்பை எதிரெதிர் இணைகளாகப் பிரித்துப் பார்க்கும் அந்த முறையைப் பழகியவர்கள் கற்பு/காசு, ஒளி/இருள் என்று இரண்டு பத்தி அட்டவணை போடுவார்கள். போடட்டும், ஆனால் அதோடு எழுந்துவிடக்கூடாது. அவள் கற்பை விட்டது புருஷனுக்குக் கஞ்சி வார்க்க. கற்புக்கரசிகளுக்குச் சொல்லப்பட்ட அதே பதிசேவை! அட்டவணை உடையும் இந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. முதல் பத்தியில் 'ஆசிரியன் இறந்துவிட்டான்', அதாவது கதையைப் படிக்க எழுதியவனின் வாழ்க்கை தேவையில்லை, என்று அறிவிப்பார்கள். மூன்றாம் பத்தியில் புதுமைப்பித்தன் பட்ட பணக்கஷ்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

கதையின் உருவத்தைப் பேசுகிறவர்கள் கடைசி வரி கன்னத்தில் விடும் அறையிலேயே மயங்கிவிடுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு கேலி வருகிறது: பஞ்சாங்கப்படி அன்று நிலா வர வேண்டும், அது மேகத்தில் மறைந்துகொண்டால் முனிசிபாலிட்டி என்ன செய்ய முடியும்? சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். பஞ்சாங்கத்தை நம்பி நகரசபை விட்டுவைத்த அந்த இருட்டில்தான், அவள்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவன் நிற்கிறான்.